மேற்கு வெயில் காட்டிக்கொடுத்த சுவர்: செந்தூல் கொண்டோ ஒன்றில் ஸ்கிம் கோட் போட்டதும் போடாமல் விட்டதும்

ஜிப்சம் போர்டு (இரண்டு தாளுக்கு நடுவே ஜிப்சம் வைத்த பலகை) சுவருக்கு முழுசாக ஸ்கிம் கோட், அதாவது பரப்பு முழுக்க ஒரு மெல்லிய பூச்சு, போட வேண்டுமா, ஜாயிண்டையும் ஸ்குரூ தலையையும் மட்டும் மூடிவிட்டுச் சாயம் அடித்தால் போதாதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சுவரில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது? பெரும்பாலும் பதில் வராது. எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும் என்றுதான் பேச்சு போகும். அதனால் கோலாலம்பூர் செந்தூலில் பார்த்த ஒரு வீட்டின் கதையை முழுசாகவே எழுதிவிடுகிறேன். ஒரே பார்டிஷன் சுவர்தான். அதன் ஒரு பக்கத்துக்கு ஸ்கிம் தேவைப்பட்டது, இன்னொரு பக்கத்துக்குத் தேவைப்படவில்லை.

மேல்மாடியில் ஒரு மூலை வீடு. ஹால் கிழக்கு மேற்காக நீளமானது, மேற்கு முனையில் பால்கனிக் கண்ணாடிக் கதவு, எதிரில் மறைக்கிற மாதிரி கட்டடம் எதுவும் இல்லை. புருஷன் பெண்சாதி இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஹாலின் வடக்குப் பகுதியைத் தடுத்து ஒரு ஆபிஸ் ரூம் எடுத்திருந்தார்கள். தடுப்பு 4.8 மீட்டர் நீளம், 2.9 மீட்டர் உயரம். துத்தநாகம் பூசிய இரும்பு ஸ்டட் (போர்டைத் தாங்கி நிற்கும் சட்டம்) 600 மில்லிமீட்டருக்கு ஒன்று, இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் போர்டு. ஆபிஸ் ரூமுக்கு ஜன்னல் வடக்குச் சுவரில், அதாவது தடுப்புக்கு நேர் எதிரே. ஹால் பக்கம் மட்டும் பால்கனிக் கதவிலிருந்து தடுப்பு நேராக உள்ளே ஓடுகிறது. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை முழுக்க இதில்தான் இருக்கிறது.

சுவர் ஜூன் மாதம் முடிந்தது. ஹால் பக்கத்துக்கு அடர் நீலச் சாயம், அதுவும் துடைத்தால் கறை போகிற, லேசாக மினுங்கும் சாட்டின் வகை, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால். எல்லாருக்கும் திருப்தி. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்த ஒரு மாலை நேரத்தில்தான் யாரோ, "என்ன, சுவர்ல கோடு கோடா தெரியுது?" என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்தால் மேலிருந்து கீழாக 1.2 மீட்டருக்கு ஒரு பட்டை, ஆள் உயரத்துக்கும் மேலே எட்டடியில் ஒரு நீளக் கோடு. இரவில் சீலிங்கில் பதித்த டவுன்லைட்டைப் போட்டதும் அந்த நீளக் கோடு இன்னும் மோசம். வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தபோது, "அண்ணே, சுவர் உப்பிடுச்சு, ஈரம் இறங்கியிருக்கும் போல" என்றார்.

ஈரம் இல்லை. அடிப்பக்கம், பால்கனி ஓரம், ஏர்கான் பைப் போகிற இடம் எல்லாவற்றிலும் ஈரமானி வைத்துப் பார்த்தேன், போர்டு காய்ந்துதான் இருந்தது. ஜூனில் இருந்த சுவர்தான் நவம்பரிலும். மாறியது சூரியன்.

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய மேற்கில்தான் மறைகிறது என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் ஜூனில் அது நேர் மேற்குக்கு 23 பாகை வடக்கே தள்ளி மறைகிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஜூன் மாத மாலை வெயில் வடமேற்கிலிருந்து வந்து ஹாலின் எதிர்ச் சுவரில், பில்டர் கட்டிக் கொடுத்த கான்கிரீட் சுவரில், விழுந்தது. தெற்கு பார்த்த நம் தடுப்பு அப்போது தன் நிழலிலேயே இருந்தது. செப்டம்பர் கடைசியில் சூரியன் தெற்குப் பக்கம் தாண்டியதும் வெயில் தடுப்பின்மேல் உரசிக்கொண்டு போக ஆரம்பித்தது, தீபாவளி சமயத்தில் சாய்வு சுமார் பதினைந்து பாகை. அந்தச் சாய்வில் அரை மில்லிமீட்டர் மேடுகூட நிழல் விழுத்தும். ஜூனில் நானே போய்ப் பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன், கையில் டார்ச் இல்லாவிட்டால். மேற்கு பார்த்த வீடுகளில் ஜிப்சம் போர்டு வேலையை ஒப்புக்கொள்ளும் முன், இருட்டிய பிறகு ஒரு பலமான டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை, மேலிருந்து கீழாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். டிசம்பரில் தெரியப்போவது அன்றைக்கே தெரிந்துவிடும்.

நான் போவதற்கு முன்பே இன்னொரு கூத்து நடந்திருந்தது. பக்கத்து பிளாக்கில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, "முழுச் சுவருக்கும் ஸ்கிம் கோட் போட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் சாண்ட்பேப்பரால் கொஞ்சம் தேய்த்துவிட்டு, சைட்டில் மிச்சமிருந்த ஸ்கிம் கோட் மூட்டையைக் கரைத்து, பால்கனிப் பக்கத்து முதல் போர்டின்மேல் அடித்துவிட்டார். ஒரு வாரத்துக்குள் ஜாயிண்ட் நெடுக மயிரிழை வெடிப்பு, தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம், கரண்டி முனையால் நெம்பினால் தகடு தகடாகக் கழன்றது. அதற்குப் பிறகுதான் போன் எனக்கு வந்தது.

அந்த மூட்டை சிமெண்ட் கலந்த ஸ்கிம் கோட். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம் ஊரில் ஸ்கிம் கோட் என்றால் பெரும்பாலும் அதுதான்: அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர், செங்கல் சுவர், அதன்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெள்ளைச் சிமெண்ட் கலவை, பிறகு சீலர் (சாயத்துக்கு அடியில் பரப்பின் உறிஞ்சலை அடைக்கும் பூச்சு), சாயம். கான்கிரீட்டுக்கு அது பொருத்தமான சாமான். ஜிப்சம் போர்டுக்கு இல்லை. இங்கே முதலில் அது பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, அடியில் இருந்தது வழவழப்பான சாட்டின் சாயம். தேய்த்ததில் சாயம் போய் ஜாயிண்ட் பூச்சு வெளியே தெரிந்த இடங்களில் வேறொரு வம்பு: ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட், ஈரத்தோடு அது சிமெண்டில் உள்ள அலுமினேட்டுகளைச் சந்தித்தால் எட்ரிங்கைட் என்ற உப்புப் படிகம் இரண்டுக்கும் நடுவே வளரும், வளரும்போது இடம் கேட்கும், மேல் பூச்சைத் தள்ளிவிடும். ஜிப்சம் பூச்சின்மேல் டைல் ஒட்டுகிறவர்கள் முதலில் பிரைமர் அடிப்பதற்கும் இது ஒரு காரணம். ஈரமில்லாத ஹாலில் இந்த வினை எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு விஷயம், ஆனால் அந்த ரிஸ்க்கை எடுக்க ஒரு காரணமும் இல்லை. இதெல்லாம் போக, ஸ்டட்டின் மேல் நிற்கும் போர்டு, யாராவது கதவை அறைந்தால்கூட லேசாக அசையும். விறைப்பான சிமெண்ட் படலம் அந்த அசைவைத் தாங்காது.

சரி, கோடுகளுக்கு வருவோம். எல்லாக் கோடும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒரே நோய் இல்லை, இதைப் பிரித்துப் பார்க்காமல் "ஸ்கிம் போட்டால் சரியாகிவிடும்" என்று இறங்குவதுதான் காசைக் கரைக்கிற வழி. ஆறடி அலுமினிய மட்டக்கோலைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். செங்குத்துப் பட்டைகளின்மேல் கோல் ஆடவே இல்லை, சுவர் சமமாகத்தான் இருந்தது. எட்டடிக் கோட்டின்மேல் வைத்தபோது கோல் சீசா பலகை மாதிரி இரண்டு பக்கமும் ஆடியது, முனையில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி.

செங்குத்து ஜாயிண்டில் போர்டின் நீள ஓரங்கள் சந்திக்கின்றன. அந்த ஓரங்களைத் தொழிற்சாலையிலேயே மெலிதாக்கி விடுகிறார்கள், இரண்டு ஓரம் சேர்ந்தால் நடுவே ஒரு ஆழமில்லாத பள்ளம் கிடைக்கும், ஜாயிண்டை மூடும் டேப்பும் பூச்சும் அதற்குள் அடங்கிவிடும். இந்த வேலையைச் செய்தவர் அதை நன்றாகவே செய்திருந்தார். ஆனாலும் பட்டை ஏன் தெரிகிறது? போர்டின் மேல்தாள் ஒரு மாதிரி சாயத்தை இழுக்கும், ஜாயிண்டை மூடுகிற பூச்சான காம்பவுண்ட் காய்ந்ததும் வேறு மாதிரி இழுக்கும். தாளுக்கு நுண்ணிய நார் உண்டு, தேய்த்த காம்பவுண்டு வழவழப்பாக இருக்கும். சீலர் அடிக்காமலோ, ஒரே ஒரு கோட் மட்டும் அடித்து ஒப்பேற்றியோ மேலே சாட்டின் அடித்தால் இந்த வித்தியாசம் பளபளப்பின் வித்தியாசமாக வெளியே வரும். அடர் நிறமென்றால் இன்னும் எடுப்பாகத் தெரியும். மட்டமான சுவரிலும் பட்டை தெரிவது இதனால்தான்.

எட்டடிக் கோடு வேறு கதை. சுவர் 2.9 மீட்டர், போர்டு 2.4 மீட்டர். மூன்று மீட்டர் போர்டும் செய்கிறார்கள், ஆனால் இந்தக் கட்டடத்தின் சர்வீஸ் லிஃப்டில் 2.4 மீட்டரே சாய்த்து வைத்தால்தான் உள்ளே போகிறது. படிக்கட்டில் தூக்கிக்கொண்டு வர எந்த ஆள் சம்மதிப்பான்? ஆகவே கீழே எட்டடி போர்டு, மேலே அரை மீட்டர் துண்டு. வெட்டிய முனையும் போர்டின் குறுக்கு முனையும் சந்திக்கும் இடத்தில் மெலிந்த ஓரம் கிடையாது, பள்ளம் கிடையாது, டேப் போர்டின் மேலேயேதான் உட்காரும், அதை மறைக்கப் பூச்சு இரண்டு பக்கமும் முப்பது சென்டிமீட்டராவது அகலமாகப் பரவிச் சாய வேண்டும். இவர் பரப்பியது மொத்தமே ஒரு சாண் அகலம்தான். நாலு போர்டுக்கும் ஒரே உயரத்தில் துண்டு வைத்ததால் சின்னச் சின்ன மேடுகள் சேர்ந்து சுவர் முழுக்க ஒரே வரம்பாகிவிட்டது. ஒரு போர்டுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று துண்டை மாற்றி மாற்றி வைத்திருக்கலாம். அதைவிட நல்ல வழி போர்டுகளைப் படுக்கை வாட்டத்தில் போடுவது: 1.2, 2.4 மீட்டர் உயரங்களில் மெலிந்த ஓரங்களே சந்திக்கும், மேல் துண்டின் தொழிற்சாலை ஓரத்தைக் கீழ்ப்பக்கம் வைத்தால் அங்கேயும் பள்ளம் கிடைக்கும், வெட்டு முனை ஜாயிண்ட் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றே ஒன்று மிஞ்சும். நம் ஆட்களுக்கு நிற்க வைத்துப் போட்டே பழக்கம், சொன்னால் ஏன் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அதற்கு மேல் பிளாஸ்டர் சீலிங்காரர் சுவரிலிருந்து ஆறங்குலம் தள்ளி வரிசையாக டவுன்லைட் வைத்திருந்தார். வெளிச்சம் மேலிருந்து சுவரை வழித்துக்கொண்டு இறங்கும். எட்டடி வரம்புக்கு இதைவிட மோசமான விளக்கு கிடைக்காது. விருந்தாளி வந்தால்தான் அந்த விளக்கைப் போடுவார்கள் என்பதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பொதுவாகப் பேச வேண்டும். அமெரிக்க ஜிப்சம் அசோசியேஷனின் ஜிஏ-214 என்ற ஆவணம் போர்டு சுவரின் முடிப்பை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறது. நிலை 4 என்றால் சமதள ஜாயிண்டில் டேப்பைப் பதித்து அதன்மேல் இரண்டு பூச்சு, ஸ்குரூ தலைகளுக்கு மூன்று பூச்சு. நிலை 5 என்றால் இத்தனையும் செய்துவிட்டு முழுப் பரப்பின்மேலும் ஒரு மெல்லிய ஸ்கிம். பளபளப்பான சாயம், அடர் நிறம், சுவரை உரசும் வெளிச்சம் இருக்கிற இடங்களுக்கு 5, மங்கலான மேட் சாயத்துக்கு 4 போதும் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலிய நியூசிலாந்துத் தரமான 2589 கூட 3, 4, 5 என்று இதே போக்கில்தான் போகிறது. பிரிட்டனில் பிளாஸ்டர்காரர்கள் போர்டு முழுக்க இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஜிப்சம் பிளாஸ்டரையே இழுத்துவிடுவது ரொம்பச் சகஜம், அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் ஜாயிண்ட் பூச்சோடு நின்றுவிடும், அங்கேயும் பாஸ்டன் பக்கம் நீலத்தாள் போர்டின்மேல் மெல்லிய பிளாஸ்டர் போடுகிற வழக்கம் உண்டு. பிளாஸ்டர் போட்ட பரப்பு கெட்டியானது, நாற்காலி இடித்தாலும் சட்டென்று குழி விழாது. ஆனால் கரண்டி வேலை தெரிந்த ஆள் வேண்டும், கலவை ஒன்றரை மணி நேரத்துக்குள் இறுகிவிடும், நடுவில் டீ குடிக்கப் போக முடியாது. அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களைக் கோலாலம்பூரில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் இந்த வீட்டுக்கு அதை நான் சொல்லவில்லை. காம்பவுண்ட் ஸ்கிம்மே போதும் என்று முடிவு செய்தோம்.

ஸ்கிம் என்பது ஒரு படலம், அது மேட்டை மட்டமாக்காது. தாளையும் காம்பவுண்டையும் ஒரே பரப்பாக்கும், தேய்த்ததில் எழும்பிய நாரை மூடும், சாயம் எங்கும் ஒரே மாதிரி இறங்க வைக்கும். எட்டடி வரம்பின்மேல் நேராக ஸ்கிம் போட்டிருந்தால், வரம்பு வரம்பாகவே இருந்திருக்கும், வழவழப்பான வரம்பாக.

வேலை இப்படிப் போனது. முதலில் கழன்ற சிமெண்ட் பூச்சை முழுக்கச் சுரண்டினோம். சில இடங்களில் சாயத்தோடு மேல்தாளும் பிய்ந்து உள்ளே பழுப்புத் தாள் தெரிந்தது. அதன்மேல் ஈரக் காம்பவுண்டைப் போட்டால் தாள் குமிழியாக எழும்பும், அதனால் பிய்ந்த ஓரங்களைக் கத்தியால் வெட்டி, சீலர் அடித்துக் காயவைத்தோம். சாட்டின் சாயம் முழுவதையும் 150 நம்பர் சாண்ட்பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, துடைத்து, பிடிப்பு பிரைமர் ஒரு கோட். பிறகு எட்டடி வரம்பு: நடு மேட்டைக் கூட்டாமல் அதன் மேலும் கீழும் மட்டும் நிரப்பி, அகலத் தகட்டால் மொத்தம் எழுபது சென்டிமீட்டர் வரை இழுத்தோம். இதற்குத் தண்ணீர் கலந்தால் தானாக இறுகும் தூள் காம்பவுண்ட், வாளியில் வருகிற ரெடிமிக்ஸ் இல்லை.

அந்தத் தேர்வுக்குக் காரணம் மாதம். நவம்பர் கோலாலம்பூரில் மழை அதிகமான மாதங்களில் ஒன்று, மத்தியானம் தாண்டினால் கொட்டும், காற்றே ஈரத்துணி போலத்தான். ரெடிமிக்ஸ் தண்ணீர் ஆவியானால்தான் காயும், டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இந்த ஈரக்காற்றில் அது போதாது, அடியில் காயாமல் மேலே அடுத்த கோட் போட்டால் பிறகு சுருங்கி ஜாயிண்ட் உள்வாங்கும். தூள் வகை ரசாயனமாக இறுகுவதால் மழையைப் பற்றிக் கவலை இல்லை, ஆனால் தேய்க்க ரொம்பக் கடினம். ஆகவே நிரப்புவதற்குத் தூள், மேலே ஸ்கிம்முக்கு ரெடிமிக்ஸ். ஜன்னலைத் திறந்து வைத்தால் காயும் என்று வீட்டுக்கார அம்மா திறந்து திறந்து வைத்தார். மழைக்காலத்தில் அது நேர் எதிர். எல்லாவற்றையும் மூடி ஏர்கானை டிரை மோடில் போட்டு, ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பிய பிறகுதான் கோட் ஒழுங்காகக் காய்ந்தது.

ஸ்கிம்முக்கு ரெடிமிக்ஸைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, ரோலரால் ஒரு போர்டு அகலம் தடவி, உடனே அகலத் தகட்டால் வழித்து எடுத்துவிடுவது. மிச்சம் நிற்பது படலம்தான், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முதல் கோட் மேலிருந்து கீழாக, காய்ந்ததும் இரண்டாவது கோட் குறுக்காக. பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லிய சாண்ட்பேப்பர், மாஸ்க் போட்டுக்கொண்டு, அந்தத் தூள் மூக்குக்குள் போனால் ராத்திரி முழுக்க இருமல். தூளைத் துடைக்காமல் சாயம் அடித்தால் சாயம் தூளோடுதான் ஒட்டும், சுவரோடு இல்லை. துடைத்து, சீலர் முழுக் கோட்.

சாயத்தில் மட்டும் வீட்டுக்காரரோடு ஒரு வாக்குவாதம். "துடைக்கிற சாயம்தானே அண்ணே வேணும், பிள்ளைங்க கிறுக்கிடுவாங்க" என்றார். துடைக்கக்கூடிய மேட் சாயமும் இப்போது கிடைக்கிறது, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நீலம் அப்படியே இருக்கட்டும், மினுக்கம் மட்டும் போகட்டும். டவுன்லைட்டைச் சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு அடி தள்ளிப் போட்டால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும் என்றும் சொன்னேன், ஆனால் சீலிங்கை ஓட்டை போட அவர்கள் தயாரில்லை, பழைய ஓட்டையை யார் அடைப்பது என்ற கேள்வியும் நியாயம்தான்.

ஆபிஸ் ரூம் பக்கத்தைத் தொடவே இல்லை. அதே ஆள், அதே போர்டு, அதே எட்டடி வரம்பு அங்கேயும் இருக்கிறது, மட்டக்கோல் வைத்தால் அங்கேயும் ஆடும். ஆனால் வடக்கு ஜன்னல் நேர் எதிரே இருப்பதால் வெளிச்சம் முகத்தில் விழுகிறது, பக்கவாட்டில் உரசுவதில்லை, சாயம் வெள்ளை மேட், பாதிச் சுவரைப் புத்தக அலமாரி மறைத்துவிட்டது. "ஆள் வந்திருக்கும்போதே அந்தப் பக்கமும் போட்டுடலாமே" என்றார் மாமியார். போடலாம்தான். இந்த வேலையில் சாமானை விட ஆள் கூலிதான் பெருசு, அது பரப்போடு சேர்ந்து ஏறும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக ஆபிஸ் ரூமை மூடிவைத்து, சாமானெல்லாம் தூசியாக்கி, பணமும் கொடுக்க வேண்டாம் என்றேன். சத்தம் தடுப்பதிலோ தீ தாங்குவதிலோ ஸ்கிம் ஒன்றும் பெரிதாகச் சேர்க்காது. அதற்கு போர்டும் உள்ளே வைக்கிற பஞ்சும் ஒழுங்காக மூடிய ஜாயிண்டும்தான் வேலை செய்கின்றன.

ஹால் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் ஸ்கிம்மை வேண்டுமென்றே நிறுத்தினோம். தடுப்பு பால்கனி ஓரத்தில் கான்கிரீட் தூணைத் தொடுகிறது, பழைய வேலையில் தூணையும் போர்டையும் சேர்த்து ஒரே பூச்சாக இழுத்திருந்தார்கள், அங்கே மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. மேற்கு வெயிலில் தூண் சூடேறும், இந்தப் பக்கம் ஏர்கான், இரண்டும் ஒரே மாதிரி நகராது. அந்த ஓரத்தில் போர்டுக்குப் பிளாஸ்டிக் விளிம்புப் பட்டை வைத்து, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சாயம் ஏற்கிற அக்ரிலிக் சீலண்டால் மூடினோம். அடியிலும் போர்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிற குடும்பம், தாள் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றி, பத்து மில்லிமீட்டர் உயரத்துக்கு போர்டை வெட்டி எடுத்து, சீலண்ட் போட்டு, ஸ்கர்ட்டிங்கைத் திரும்ப மாட்டினோம்.

டிசம்பர் கடைசியில், சூரியன் தெற்கே ஆகக் கடைசி வரை போயிருந்த சமயத்தில், ஒரு மாலை போய்ப் பார்த்தேன். செங்குத்துப் பட்டைகள் காணோம். எட்டடிக் கோடு வெயிலில் தெரியவில்லை, டவுன்லைட்டில் மட்டும் இரண்டாவது போர்டின்மேல் ஒரு முழ நீளத்துக்கு லேசான நிழல், தெரிந்து தேடினால்தான் பிடிபடும். அதை இன்னொரு கோட் போட்டுச் சரிசெய்யலாமா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார், அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு பெரிய படம் மாட்டப்போகிறாராம். படம் மாட்ட ஸ்டட் எங்கே இருக்கிறது என்று குறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.